சோடிச் சொற்களும் ஒரு தந்தியும்

சிவக்கொழுந்து முதல் தடவை இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றது ஒரு வாந்தியால்.

1972 ஐப்பசி. இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரி, தாதிப் பயிற்சிக்குப் பெண்களைத் தெரிவுசெய்வதற்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்பியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு மேற்றன், தாதிகளுக்குத் தலைவி. பக்கத்தில், பெயர்களைச் சரிபார்க்க, கழுத்துப்பட்டி கட்டிய கொழும்புக் கனவான் ஒருவர். "நோயாளி ஒருவர் த்ரோ அப் பண்ணினால் முதலில் என்ன செய்வாய்?" என்று மேற்றன் கேட்டாள். த்ரோ என்றால் எறிதல் என்று கொழுந்துக்குத் தெரியும். அப் என்றால் மேலே. "அவர் எறிந்ததைப் பொறுக்கித் திரும்பவும் அவருடைய கட்டிலில் வைப்பேன்" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

மேற்றன் சிரிக்கவில்லை. கனவான் சிரித்தார். கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

த்ரோ அப் என்றால் வாந்தி எடுத்தல் என்று வெளியே காத்திருந்த இன்னொரு பெண்தான் சொன்னாள். திரும்பி வருகிற இருநூற்றைம்பது மைலும் கொழுந்து ரயிலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாக அற்றெண்டன்ற் வேலை பார்க்கிறவள் அவள். அவள் துடைத்த வாந்தியை அந்தக் கனவான் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்.

ஊர் புளியங்கூடல். வயது இருபத்துமூன்று. தகப்பன் இல்லை. தாய் இலட்சுமிப்பிள்ளை. வளவுக்கு அடுத்த வளவு தாய்மாமன் தம்பிராசாவுடையது. கொழுந்து இரண்டாம் வகுப்புப் படித்த வருடம்தான் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அவளுடைய வயதுப் பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்தார்கள். ஆங்கிலம் வாரத்துக்கு மூன்று மணித்தியாலம். அதையும் கணக்கு வாத்தியார் படிப்பித்தார். இலக்கணம் வந்தது, எழுத்து வந்தது. வெள்ளைக்காரர் வீட்டிலும் வார்டிலும் பேசுகிற பேச்சு மட்டும் வரவில்லை. தம்பிராசா அந்தக் காலத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். சிங்களப் பரீட்சை எழுதமாட்டேன் என்று சொல்லி, நேரத்தோடு பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அவரிடம் ஆங்கிலம் நிறைய இருந்தது. ஒருவருக்கும் கொடுக்கமாட்டார்.

கொழும்பிலிருந்து வந்த கிழமையே கொழுந்து அவரிடம் போனாள்.

"மாமா, புட் அப் வித் எண்டா என்ன?"

"அதோ? அதைத்தான் நான் உன்ரை மாமியோடை இருபத்தெட்டு வருசமாச் செய்துகொண்டிருக்கிறன்."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமி குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"பகிடி விடாமல் சொல்லுங்கோ மாமா."

"என்னத்துக்கு உனக்கு உது? எனக்கு இங்கிலீசு என்னத்தைத் தந்தது? நாற்பத்தெட்டு வயதிலை வீட்டிலை இருத்தினது. பொம்பிளைப் பிள்ளை, போய் ஒரு கலியாணத்தைக் கட்டுற வழியைப் பார்."

புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்று பிறகு கண்டுபிடித்தபோது கொழுந்துக்கு இன்னும் கோபம் வந்தது. மனுசன் சரியான பொருளைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவளுக்குப் பிடிபடாத மாதிரிச் சொல்லியிருக்கிறார்.

அகராதி உதவவில்லை. அவளிடம் இருந்த சின்ன அகராதியில் புட் இருந்தது, அப் இருந்தது, வித் இருந்தது. மூன்றும் சேர்ந்தால் என்ன என்று இல்லை. இவற்றுக்குச் சோடிச் சொற்கள் என்று அவளே ஒரு பெயர் வைத்தாள். அரை மணித்தியாலம் யோசித்தபோது தமிழிலும் அதே கதைதான் என்று தெரிந்தது. கைவிடுவதற்குக் கை வேண்டியதில்லை. எடுத்தெறிந்து பேசுகிறவன் எதையும் எடுப்பதுமில்லை, எறிவதுமில்லை. தமிழ்ப் பிள்ளை அதைத் தாயின் மடியில் இருந்து கேட்டுப் படிக்கிறது. அவளுக்கு ஆங்கிலத்தில் மடி இல்லை. ஆகவே கிடைக்கிற இடத்தில் பொறுக்கவேண்டும்.

பொறுக்கினாள். டொக்டர் வார்டைச் சுற்றிவரும்போது படுக்கைத் துணி மடிப்பதுபோல் பின்னால் போனாள். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு கிழவர் கம் ரவுண்ட் ஆனார் என்று டொக்டர் சொன்னால், கிழவரைப் போய்ப் பார்த்தாள். மயக்கம் தெளிந்து கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார். பொருள் கிடைத்துவிட்டது. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி சுற்றித் தந்த ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகளைச் சீனி கொட்டியதும் வாசித்தாள். மாவும் மண்ணெண்ணெயும் ரன் அவுட் ஆகிவிட்டன என்று ஒரு துண்டில் இருந்தது. தட்டுப்பாடு நிறைந்த அந்த வருடம் அதற்குப் பொருள் தேடவேண்டிய தேவை ஒருவருக்கும் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதினாள். தமிழ் எழுத்தில் எழுதியதற்குக் காரணம் சூசையம்மா. அவளும் ஆஸ்பத்திரி அற்றெண்டன்ற்தான். ஊர்காவற்றுறைக் கரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பம், கொழுந்தைவிடப் பத்து வயது மூப்பு. ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழில் எழுதியிருந்தால் கேள்வி கேட்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே குந்துவார்கள். சூசையம்மா கொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உபாத்தியாயரைப் போலச் செருமுவாள்.

"கிவ் அப்?"

"கைவிடுறது. பழக்கத்தை விடுறது."

"இதுக்கு எங்கடை மனுசனை எழுது. தபசு காலம் தொடங்க அந்தாள் சாராயத்தை கிவ் அப். இங்கை, கோ பாக் டு எண்டு ஒண்டு எழுதியிருக்கிறாய், அது என்ன?"

"விட்டதுக்குத் திரும்பப் போறது."

"அது தபசு முடிஞ்சு பாஸ்கு ஞாயிறு விடிய, பூசை முடிஞ்ச கையோடை."

அப்படித்தான் கொப்பி நிரம்பியது. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஓர் ஆள். ஷோ ஓஃப் என்பதற்கு, கொழும்பிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து மழைக்குள்ளும் கழற்றாமல் திரிந்த ஒருவன். பிரேக் டவுன் என்பதற்கு அனலைதீவு வள்ளத்தின் எஞ்சின். கிவ் இன் என்பதற்கு இலட்சுமிப்பிள்ளை. தமையன் ஒரு சொல் சொன்னால் அவள் இரண்டாவது சொல் கேட்காமல் விட்டுக்கொடுப்பாள். எட்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். கொழுந்து இரண்டாம் தடவையும் விண்ணப்பம் அனுப்பினாள். 1973 ஆவணியில் கொழும்பில் நேர்முகத் தேர்வு நடக்கும், நாள் பின்னர் அறிவிக்கப்படும் என்று கடிதம் வந்தது. விண்ணப்பிக்க வயது இருபத்துநான்குக்கு மேற்படக் கூடாது. அவளுக்கு அந்த ஆவணியே இருபத்துநான்கு முடிந்தது. இதுதான் கடைசி.

அதே ஆவணியில் மாமாவின் மகள் யோகம்மாவுக்குக் கலியாணம்.

இது யோகம்மாவுக்கு இரண்டாம் தடவை நாள் வைத்த கலியாணம். இரண்டு வருடத்துக்கு முந்தி பந்தல் போட்டு, பலகாரம் சுட்டு, மாப்பிள்ளை வீட்டார் வெளிக்கிடுகிற நேரத்தில் ஒரு தந்தி வந்தது. அதை உடைத்து உரத்து வாசித்தவள் கொழுந்துதான். அநுராதபுரத்தில் இருந்த, கலியாணம் முடிக்காத மாமாவின் தமக்கை இறந்துபோனாள் என்று இருந்தது. சாவுச் செய்தி காதில் விழுந்தால் அந்தக் கணத்திலிருந்து துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு அந்த வீட்டில் நல்ல காரியம் ஏதும் செய்யமுடியாது. பந்தலைப் பிரித்தார்கள். முப்பத்தொரு நாள் கழிந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். யோகம்மா ஒரு மாதம் வாசற்படலைக்கு வெளியே வரவில்லை.

இந்த முறை மாப்பிள்ளை அனலைதீவு. திங்கட்கிழமை காலை முகூர்த்தம். கொழுந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் லீவு எடுத்தாள். தபாற்கந்தோருக்குப் போய், தனக்கு ஏதும் வந்தால் புளியங்கூடலுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு தேங்காய் துருவினாள், வாழையிலை துடைத்தாள், மணப்பெண்ணுக்குத் தலை வாரினாள். திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. தந்தி வரவில்லை. புதன் பின்னேரம் படலைக்கும் ஒழுங்கைக்குமாக நடந்தாள். "என்னடி, ஆரைப் பாக்கிறாய்?" என்று தாய் கேட்டாள். "ஒருத்தரையும் இல்லை" என்றாள்.

வியாழன் நாலாம் சடங்கு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் இருத்தி, சோறு கறி எல்லாம் பரிமாறி முடித்து, அனலைதீவார் வள்ளம் பிடிக்கப் போன பிறகு, தம்பிராசா உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார். துவாயில் சுற்றியிருந்த ஒன்றைக் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. அந்த மனுசன் உண்மையாகவே அழுதிருந்தார்.

"எல்லாரும் இஞ்சாலை வாருங்கோ. நான் ஒரு விசயத்தை மூண்டு நாளா நெஞ்சிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். திங்கட்கிழமை விடிய ஒரு தந்தி வந்தது. பியோன் என்ரை கையிலைதான் தந்தவன். நான் உடைக்கேல்லை. கட்டிலோடை கிடந்த ஐயாத்துரை அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார் போலை கிடக்கு."

ஐயாத்துரை அவருடைய தமையன். அநுராதபுரத்தில் ஒரு வருடமாகப் பாயோடு பாய். அவ்வளவுதான். இலட்சுமிப்பிள்ளை "என்ரை அண்ணை!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். மாமி கொண்டையை அவிழ்த்தாள். பெண்கள் தோளில் தோள் போட்டு வட்டமாக இருந்து ஒப்பாரி தொடங்கினார்கள். பந்தலில் இன்னும் மாவிலைத் தோரணம் தொங்கிற்று.

"கொழுந்து, நீ வா பிள்ளை. உன்ரை பேரிலைதான் போட்டிருக்கிறாங்கள். உனக்குத்தானே உதெல்லாம் வாசிக்கத் தெரியுமெண்டு அங்கை அவங்களுக்கும் தெரியும். தைரியமா உடை."

கொழுந்து உறையில் தன் பெயரைப் பார்த்தாள். உடைத்தாள். வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

"எப்பவாம் போனது?" என்று தம்பிராசா கேட்டார்.

"புதன்கிழமை. காலமை ஒன்பது மணிக்கு."

ஒப்பாரி ஒரு படி ஏறிற்று. தம்பிராசா மட்டும் தலையை நிமிர்த்தினார். "திங்கட்கிழமை வந்த தந்தியிலை என்னண்டு புதன்கிழமைச் சாவு வரும்?"

அவள் தமிழில் சொல்லி வாசித்தாள். "நேர்முகத் தேர்வு புதன் காலை ஒன்பது மணி. சான்றிதழ்கள் கொண்டு வரவும்."

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அறுந்தது. "அப்ப அண்ணை சாகேல்லையோ?" என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டாள். "இல்லையணை. இது இவளின்ரை என்னமோ சோதினையாம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாமி கொண்டையை முடித்துக்கொண்டே சிரித்தாள். "அம்மாளாச்சி காப்பாத்திப் போட்டா!" தம்பிராசா கதிரையில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். இலட்சுமிப்பிள்ளை கண்ணீர் காயாத முகத்தோடு எழும்பி, தட்டத்திலிருந்து ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்து மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஆவெண்டு. நல்ல சேதிதானே வாசிச்சனி."

கொழுந்து கையைத் தட்டிவிட்டாள். பணியாரம் உருண்டுபோய்ப் பந்தற்காலில் முட்டியது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு இங்கிலீசு தெரியாதே மாமா?" அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். பக்கத்தில் நின்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். "முப்பது வருசம் கந்தோரிலை இருந்தனீங்களெல்லோ. ஒருக்கால் உடைச்சுப் பாத்திருக்கலாமே. உங்களுக்கு மட்டும் தெரிய."

"பாத்தா எனக்குத் தெரிஞ்சிடுமே! அண்ணை செத்தது தெரிஞ்சுகொண்டு என்ரை கையாலை தாலியை எடுத்துக் குடுக்க நான் என்ன பாதகனே? தெரியாட்டித் துடக்கில்லை. நான் ஏமாத்தேல்லை. சாத்திரப்படி நடந்தனான்."

"எனக்குத் தந்திருக்கலாம். என்ரை பேர்."

"உன்னட்டைத் தந்துதானே போனமுறை யோகம்மாவின்ரை கலியாணம் நிண்டது!"

புதுத்தாலியோடு நின்ற யோகம்மா நிலத்தைப் பார்த்தாள். கொழுந்து அவளைப் பார்த்தாள். அவளோடு கோபிக்க வழி இருக்கவில்லை. அதனால் கோபம் முழுவதும் வந்த இடத்துக்கே திரும்பிற்று.

"எனக்கு வயது முடிஞ்சுது மாமா. இனி நான் விண்ணப்பம் போட ஏலாது. அது தெரியுமோ?"

"ஆண்டவன் உனக்கு இஞ்சை ஒரு வழி வைச்சிருப்பார், விடு பிள்ளை."

அவள் விடவில்லை. சான்றிதழ்கள் இருந்த கடுதாசிப் பெட்டியை எடுத்தாள். கலியாணத்துக்கு உடுத்த சேலையை மாற்றவில்லை. "எங்கை போறாய்? எல்லாம் முடிஞ்சு போச்சே!" என்று தாய் பின்னால் ஓடிவந்தாள். நாலரை பஸ் வளைவில் வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் கொழும்பு மெயில் வண்டியைப் பிடித்தாள். மூன்றாம் வகுப்பில் இருக்க இடமில்லை. வவுனியாவரை கதவோடு நின்றாள்.

நின்றுகொண்டே ஒரு பொய்யைத் தயார் செய்தாள். சின்னப் பொய், ஒருவரும் திருப்பிக் கேட்காத பொய். என் மாமா பாஸ்ட் அவே. செத்துப்போனார் என்பதற்கு வெள்ளைக்காரர் மரியாதையாகச் சொல்கிற சோடிச் சொல். கொப்பியில் அதற்கு நேரே அவள் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. இப்போது எழுதலாம் போல இருந்தது. மாகோவுக்கும் பொல்காவலைக்கும் இடையில் அவள் தம்பிராசாவை மாரடைப்பில் கொன்றாள், கிணற்றில் விழுத்தினாள், சோளகக் காற்றில் வள்ளத்தோடு கவிழ்த்தாள். ஒவ்வொரு தடவையும் மனம் கொஞ்சம் ஆறிற்று.

தேர்வு நடந்த கொழும்பு விருந்தினர் விடுதியின் வாசலில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதே கழுத்துப்பட்டிக் கனவான். "முடிந்துவிட்டது. பட்டியல் மூடியாயிற்று. அவர்கள் இன்று பின்னேரம் விமானம் ஏறுகிறார்கள்" என்றார். கொழுந்து படியில் இருந்தாள். "இங்கே இருக்கக் கூடாது" என்றார். இருந்தாள். ஒன்பதரைக்கு மேற்றன் பயணப் பெட்டிகளைப் பார்க்க வெளியே வந்தாள். கசங்கிய கூறைப்பட்டு மாதிரி ஒரு சேலையோடு, தூங்காத கண்ணோடு ஒரு பெண் எழுந்து நிற்பதைக் கண்டாள்.

"புதன்கிழமை ஏன் வரவில்லை?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த மனுசிக்குத் தம்பிராசாமேல் இரக்கம் வரும். அதை நினைக்கவே கொழுந்துக்குப் பொறுக்கவில்லை.

"என் மாமா மிக நலமாக இருக்கிறார்" என்றாள் ஆங்கிலத்தில். "அவர்தான் தந்தியை அலுமாரியில் புட் அவே பண்ணினார். யாரோ பாஸ்ட் அவே என்று நினைத்தார். திறந்தால் கலியாணத்தைக் கோல் ஓஃப் பண்ணவேண்டும். அதனால் கலியாணம் முடியும்வரை திறப்பதை புட் ஓஃப் பண்ணினார். நேற்றுத் திறந்தோம். எல்லாரும் அழுதார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நான் ஓடிவந்தேன்."

"யார் இறந்தது?"

"ஒருவரும் இல்லை."

மேற்றன் கனவானைப் பார்த்தாள். கனவான் கைக்குட்டையைத் தேடினார். கொழுந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, போன வருடமும் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். த்ரோ அப் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை நான் க்ளீன் அப் பண்ணுகிறேன் என்று உங்களுக்கு இன்றைக்கும் தெரியாது."

கைக்குட்டை சட்டைப்பைக்குள்ளேயே நின்றது. மேற்றன் ஒரு பெட்டியின்மேல் இருந்தாள். அங்கேயே, படிக்கட்டிலேயே, முக்கால் மணித்தியாலம் கேள்வி கேட்டாள். இரத்தப்போக்கு, படுக்கைப்புண், சாகிற நோயாளி, கையை ஓங்குகிற நோயாளி. கொழுந்து கோபம் குறையாமலே பதில் சொன்னாள். எது வந்தாலும் விளங்கிற்று. விளங்காத ஒன்றை விளங்கவில்லை என்று சொல்லி, பொருள் கேட்டு, அங்கேயே தன் கடுதாசிப் பெட்டியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள்.

"பதினொரு பேரைத் தெரிவுசெய்துவிட்டேன். பன்னிரண்டாவது இடம் இல்லை" என்றாள் மேற்றன் கடைசியில். "யாராவது வராமல் விட்டால் உனக்கு எழுதுவேன். யாரும் விடாவிட்டால் எழுதமாட்டேன். நம்பிக்கை தர நான் விரும்பவில்லை."

அதோடு திரும்பி வந்தாள்.

புளியங்கூடலில் அதற்குள் கதை ஓடிவிட்டது. ஓட்டியவர் தம்பிராசாவே. கோயிலடியில், சங்கக்கடையில், செத்தவீட்டில், எங்கே நாலுபேர் கூடினாலும் சொன்னார். துவாயில் சுற்றியதை நடித்துக் காட்டினார். மாமி கொண்டை அவிழ்த்ததை நடித்துக் காட்டினார். "திங்கட்கிழமைத் தந்தியிலை புதன்கிழமைச் சாவு!" என்ற இடத்தில் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஐயாத்துரை அண்ணைக்கே கடிதத்தில் எழுதினார். அவரும் படுக்கையில் கிடந்து சிரித்ததாகப் பதில் வந்தது. கதையில் கொழுந்து வாசிக்கிறவளாக மட்டும் வந்தாள். அவளுக்கு என்ன போயிற்று என்று கதையில் இல்லை. அதைச் சேர்த்தால் சிரிப்பு வராது.

அவள் மாமாவோடு கதைப்பதை நிறுத்தினாள். ஒரு வேலிதான் இடையில். தினமும் வேலை தொடங்க முன்னும் முடிந்த பின்னும் தபாற்கந்தோர் முகப்பில் போய் நின்றாள். பியோனிடம் எதையும் கொடுத்துவிட வேண்டாம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். "உனக்குத் தலைக்கனம் எண்டு ஊர் கதைக்குது" என்று தாய் சொன்னாள். "கதைக்கட்டும்."

"எடி, மனுசனோடை ஒரு சொல்லுக் கதைச்சு விடன்" என்று சூசையம்மாகூடச் சொன்னாள். "எங்கடை சாமியார் எண்டா மன்னிக்கச் சொல்லுவார்."

"மன்னிப்புக் கேட்டாத்தானே அக்கா மன்னிக்கிறது. அந்தாள் பகிடியெல்லோ விட்டுக்கொண்டு திரியுது."

சூசையம்மா யோசித்தாள். "அதுவும் சரிதான். எங்களிலையும் முதல் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

மார்கழி போய்த் தை பிறந்தது. பதினொருவரில் ஒருத்திக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள், அவள் வரவில்லை. தை இருபதாம் தேதி கொழுந்து முகப்பில் நின்றே கடிதத்தை உடைத்து, அங்கேயே மூன்று தடவை வாசித்தாள். மாசி கடைசியில் பயணம்.

போகிற காலையில் வளவு நிறையச் சனம். வழக்கப்படி ஒவ்வொரு பெரியவராக விழுந்து கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளிக்கிடவேண்டும். சித்தப்பாவைக் கும்பிட்டாள். மாமியையும் கும்பிட்டாள், மாமி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். படலையில் தம்பிராசா திருநீற்றுத் தட்டத்தோடு நின்றார். சால்வை போட்டிருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர். சனம் ஒதுங்கி வழிவிட்டது.

கொழுந்து நின்றாள். "மாமா, பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இந்த இடத்திலையே விழுந்து கும்பிடுறன்."

தம்பிராசா திருநீற்றை விரலால் அள்ளினார். அவர் சொல்லப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அண்டைக்கு அந்தத் தந்திக்குள்ளை அண்ணையின்ரை சாவு இருந்திருந்தா" என்றார், "நான் செய்தது சரியெண்டு நீயே சொல்லியிருப்பாய் பிள்ளை. என்ரை மகள் இண்டைக்குத் தாலியோடை நிக்கிறாள்."

"இருக்கேல்லையே மாமா."

அவள் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி ஒழுங்கைக்கு இறங்கினாள். பின்னால் யாரோ "அடியே!" என்றார்கள். பஸ் வந்தது. யாழ்ப்பாணம் மட்டும் கூடப் போவதாக இருந்த இலட்சுமிப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிப் பக்கத்தில் இருந்தாள். வேலணை தாண்டியதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒருக்காக் குனிஞ்சிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவருக்கு என்ன குறைஞ்சிருக்கும் அம்மா?"

இலட்சுமிப்பிள்ளை முந்தானை முடிச்சில் பஸ் காசைத் தேடினாள். கண்டக்டர் வந்து நின்றான்.

"யாழ்ப்பாணம் ரெண்டு" என்றாள் கொழுந்து.